உலகத்திலேயே அதிகமாக சைக்கிள் செய்த கம்பெனி சைக்கிளை ஏன் விட்டது? ஓப்பலின் ஐம்பது வருடம்

ஓப்பல் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 1990களிலும் 2000களிலும் இந்திய ரோடுகளில் ஓடிய அஸ்ட்ராவும் கோர்சாவும்தான். ஆனால் கார் பக்கம் போவதற்கு 13 வருடம் முன்பே அந்தக் கம்பெனி சைக்கிள் செய்ய ஆரம்பித்துவிட்டது. 1886இல் தொடங்கி 1937 பிப்ரவரி வரை, ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரையில் உள்ள ரூசெல்ஸ்ஹைம் என்ற ஊரில், மொத்தம் சுமார் 26 லட்சம் சைக்கிள்கள். 1920களில் உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் தயாரிப்பாளர் ஓப்பல்தான். அப்படி இருந்த கம்பெனி, திவாலாகவும் இல்லை, ஃபேக்டரி எரியவும் இல்லை, ஐரோப்பாவிலேயே நம்பர் ஒன் என்று நிமிர்ந்து நின்ற நேரத்தில் சைக்கிள் பிரிவை அப்படியே இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டது.

ஏன் என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில், கார் வந்தது சைக்கிள் போனது என்பது. அது போதாது. 1899இலிருந்து 1937 வரை 38 வருடம் காரும் சைக்கிளும் ஒரே காம்பவுண்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உருவாகிக்கொண்டுதான் இருந்தன. கார்தான் காரணம் என்றால் சைக்கிள் எப்போதோ போயிருக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது இது: முடிவு எடுக்கப்பட்டது 1937இல்தான், ஆனால் சைக்கிளை மட்டும் நம்பி இருக்க முடியாது என்ற பயம் 1898இலேயே அந்தக் குடும்பத்துக்குள் புகுந்துவிட்டது. அந்தப் பயத்தையும் மீறி சைக்கிளை இத்தனை காலம் காப்பாற்றியது, அதை ஓட்டி வளர்ந்த ஆட்கள் முதலாளிகளாக இருந்தது. 1929இல் முதலாளி மாறினார். அதற்குப் பிறகு நடந்தது வெறும் கணக்கு.

தையல் மிஷினிலிருந்து சைக்கிளுக்கு

ஆடம் ஓப்பல் 1837இல் பிறந்தவர். அப்பா பூட்டுத் தொழில் செய்தவர். பையனும் அதே தொழிலைக் கற்றுக்கொண்டு, அந்தக் காலத்து ஜெர்மன் கைத்தொழிலாளிகளின் வழக்கப்படி ஊர் ஊராகப் போய் வேலை செய்யக் கிளம்பினார். பெல்ஜியம் வழியாக பாரிஸ். அங்கே ஒரு தையல் மிஷின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, அதோடு பூட்டு மேல் இருந்த ஆசை போய்விட்டது. 1862இல் ஊர் திரும்பி, மாமாவுடைய காலியான மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தையல் மிஷின் செய்ய ஆரம்பித்தார். 1868இல் சோஃபி ஷெல்லரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருடம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஃபேக்டரி எழுந்தது. சோஃபி கொண்டுவந்த பணம் தொழிலுக்குள் போனது, அவரே கணக்கு வழக்கையும் பார்த்தார். இந்தக் கதையில் சோஃபியை ஓரத்தில் வைத்து எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஆடம் இறந்த பிறகு கம்பெனியைக் கையில் பிடித்து நடத்தியது அவரும் பிள்ளைகளும் சேர்ந்துதான், அதனால் அவர் பெயரை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தையல் மிஷின்காரர்கள் சைக்கிளுக்கு வந்தது ஓப்பலில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. இங்கிலாந்தில் கவென்ட்ரியில் முதலில் சைக்கிள் செய்தது ஒரு தையல் மிஷின் கம்பெனிதான். ஜெர்மனியிலேயே பீலஃபெல்டில் டூர்கோப், டிரெஸ்டனில் சைடல் உண்ட் நௌமான் இரண்டும் தையல் மிஷினிலிருந்து வந்தவை. நெக்கர்ஸுல்மில் என்எஸ்யூ பின்னல் மிஷினிலிருந்து வந்தது. காரணம் யோசித்தால் புரியும். தையல் மிஷினுக்குள் சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் தேய்மானம் இல்லாமல் லட்சக்கணக்கான முறை உரசி ஓட வேண்டும், அதற்கு மேல்தோலை மட்டும் கெட்டிப்படுத்தும் பதம் தெரிந்திருக்க வேண்டும், ஒரே அளவு மரை நூறு மிஷினிலும் மாறாமல் வர வேண்டும், வெளியே நிக்கல் பூச்சும் கறுப்பு எனாமலும் பளபளக்க வேண்டும். சைக்கிளுக்கும் இதே லேத், இதே உலை, இதே பெயின்ட் அறை போதும். அதைவிட முக்கியமானது விற்கும் வழி. தையல் மிஷின் வாங்கிய வீட்டில் தவணை வசூலிக்க ஏஜென்ட் மாதாமாதம் போவார், ரிப்பேரும் பார்ப்பார். அந்த ஏஜென்ட் கடை வாசலில் ஒரு சைக்கிளை நிறுத்தினால் போதும், புது வியாபாரம் தயார். ஓப்பல் பின்னாளில் கார் விற்றபோதும் இந்த ஊர்ப்புறக் கடைக்காரர்களின் வலை கை கொடுத்தது.

ஆடம் ஓப்பலுக்கு சைக்கிள் மேல் முதலில் பெரிய பிரியம் இல்லை என்று குடும்பக் கதை உண்டு. ஏறிப் பார்த்தாராம், விழுந்தாராம், எலும்பை உடைக்கும் சாமான் என்று ஒதுக்கினாராம். நடந்தது இதே மாதிரிதானா என்பதை விடுங்கள், 1886இல் இருந்த வண்டியைப் பார்த்தால் அந்தக் கோபம் நியாயமானதுதான். அது முன்சக்கரம் ஆள் மார்பளவு உயரமும் பின்சக்கரம் சின்னத் தட்டு மாதிரியும் இருந்த வண்டி. செயின் கிடையாது, பெடல் நேரடியாக முன்சக்கரத்தின் ஆக்சிலில் இருக்கும். ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுற்று, அவ்வளவுதான், அதனால் வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியே இல்லை, உட்காருகிறவரின் கால் எட்டும் வரை பெரிதாக்கினார்கள். உட்காருகிற இடம் முன் ஆக்சிலுக்கு ஏறக்குறைய நேர் மேலே. ஒரு கல்லில் முட்டினாலோ, பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடித்தாலோ, வண்டி மொத்தமும் ஆக்சிலைச் சுற்றிக் கவிழ்ந்து ஆள் தலைகுப்புறப் போவார். ஓப்பலின் முதல் சைக்கிள் இந்த வகைதான், அதற்கான சரக்கும் நுணுக்கமும் பெருமளவு இங்கிலாந்திலிருந்து வந்தது.

நல்ல வேளை, ஓப்பல் உள்ளே நுழைந்த நேரம் சரியான நேரம். 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்துவிட்டது: இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சக்கரம், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்கு செயின். பெரிய பல்சக்கரம் முன்னால், சின்னது பின்னால் என்று வைத்துவிட்டால் ஒரு மிதிக்கு சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்றும், பெரிய சக்கரத்துக்கு வேலையே இல்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஜெர்மனிக்குள்ளேயே ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் 1883இல் இரும்பு பால்ஸை ஒரே உருண்டையாகத் தேய்த்தெடுக்கும் மிஷின் செய்திருந்தார். சைக்கிள் கடையில் ஓவராயில் செய்யும்போது கோன் நட்டைக் கழற்றி, கப்பில் கிரீஸ் தடவி, பால்ஸை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த பால்ஸில் ஒன்று மட்டும் தலைமுடி அளவு பெரிதாக இருந்தாலும் முழு பாரமும் அதன் மேல்தான் விழும், கப்பில் குழி விழுந்துவிடும், அப்புறம் சக்கரம் கரகர என்று சத்தம் போடும். எல்லா பால்ஸும் ஒரே அளவு என்பது கையால் முடியாத வேலை. ஃபிஷரின் மிஷின் வந்த பிறகுதான் லேசாக உருளும் ஹப்பை ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது.

ஐந்து பையன்கள்

கார்ல், வில்ஹெல்ம், ஹைன்ரிஷ், ஃபிரிட்ஸ், லுட்விக். மூத்தவர் 1869இல் பிறந்தவர், கடைசி 1880. அப்பா சந்தேகத்தோடு பார்த்த சைக்கிளை இவர்கள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஐவரும் ரேஸ் ஓட்டினார்கள். சேர்த்து ஐந்நூறுக்கும் மேல் பரிசு வாங்கினார்கள் என்று ஓப்பலின் சொந்த வரலாறு பெருமையாகச் சொல்கிறது. ஐந்து பேரும் ஒரே சைக்கிளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று இருக்கிறது, ஐந்து சீட், ஐந்து ஹேண்டில்பார், ஐந்து ஜோடிப் பெடல், முன்னால் இருப்பவர் மட்டுமே வண்டியைத் திருப்ப முடியும். இப்படிப்பட்ட நீள வண்டிகளுக்கு அன்று உண்மையான வேலையும் இருந்தது. ரேஸ் டிராக்கில் தனி ஆளுக்கு முன்னால் போய்க் காற்றைத் தடுத்து வேகம் பிடிக்க உதவுவது இவைதான். அதோடு ஃபிரேம் எவ்வளவு உறுதி என்பதற்கு ஐந்து ஆள் பாரத்தைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? ஒரு கம்பெனியின் முதலாளி வீட்டுப் பிள்ளைகளே தங்கள் சரக்கின் மேல் உட்கார்ந்து உயிரைப் பணயம் வைப்பதைப் பார்த்தால் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வராமல் இருக்குமா?

அந்தக் காலத்தில் ரேஸுக்கு இருந்த மவுசைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சம்பவம் போதும். 1892இல் ஜெர்மன், ஆஸ்திரிய ராணுவ அதிகாரிகள் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் இடையே குதிரைப் பந்தயம் ஓடினார்கள். ஜெயித்தவருக்கு ஆன நேரம் 71 மணிக்கு மேல், குதிரைகள் பல செத்தே போயின. மறு வருடம் அதே வியன்னா–பெர்லின் தூரத்தை, கிட்டத்தட்ட 580 கிலோமீட்டர், சைக்கிளில் ஓட்டினார்கள். மியூனிக்கின் யோசஃப் ஃபிஷர் சுமார் 31 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். குதிரைதான் வேகம், குதிரைதான் கௌரவம் என்று இருந்த ஒரு நாட்டில் இது சின்ன விஷயமில்லை. அடுத்த சில வருடங்கள் சைக்கிள் கம்பெனிகள் கேட்ட விலைக்கு விற்றன.

இந்தப் பத்து வருடத்தில்தான் ஓப்பல் சைக்கிள்களில் விக்டோரியா பிளிட்ஸ் என்ற பெயர் வந்தது, 1890 வாக்கில். பிளிட்ஸ் என்றால் மின்னல். 1930இல் ஓப்பல் ஒரு லாரிக்கு அதே பிளிட்ஸ் பெயரை வைத்தது, அந்த லாரியின் அடையாளத்திலிருந்து வளர்ந்து வந்ததுதான் இன்றைக்கு எல்லா ஓப்பல் கார்களின் மூக்கிலும் இருக்கும் வட்டத்துக்குள் மின்னல். காரின் மேல் இருக்கும் பெயரில்கூட சைக்கிள் ஒளிந்திருக்கிறது, கார் ரசிகர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

1895 செப்டம்பரில் ஆடம் ஓப்பல் டைஃபாய்டில் இறந்தார். வயது 58. அப்போது கம்பெனி தையல் மிஷின், சைக்கிள் இரண்டிலும் ஜெர்மனியின் முன்னணி வரிசையில் இருந்தது. பையன்களில் மூத்தவருக்கே 26 வயதுதான்.

1898இல் விழுந்த அடி

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1890களின் நடுவில் சைக்கிள் என்றால் தங்கம் என்று நினைத்து ஆளாளுக்கு ஃபேக்டரி போட்டார்கள். பிரான்டன்பர்க்கில் பிரென்னபோர், ஃபிராங்க்ஃபுர்ட்டில் ஆட்லர், கெம்னிட்ஸில் வாண்டரர், டயமன்ட் என்று பெரியவர்கள் ஒரு பக்கம், பாகங்களை வாங்கிப் பூட்டி விற்கும் சில்லறை ஆட்கள் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய கூத்து: அங்கே சந்தை நிரம்பிப்போய், விற்காத சரக்கு கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்து இறங்கியது, அடிமாட்டு விலைக்கு. அதே சமயம் சைக்கிளை ஃபேஷனாக வாங்கிய பணக்காரர்கள் அலுத்துப்போய் விலகினார்கள். 1897, 1898இல் விலை சரிந்தது, ஜெர்மனியில் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. தொழிலாளி வர்க்கம் இன்னும் வாங்கும் நிலைக்கு வரவில்லை, பணக்காரன் போய்விட்டான், நடுவில் மாட்டிக்கொண்டது ஃபேக்டரி.

ஓப்பல் கவிழவில்லை. தையல் மிஷின் ஒரு பக்கம் சோறு போட்டது. ஆனால் பையன்கள் பயந்துவிட்டார்கள், பயந்தது சரியும்கூட. சைக்கிள் வாங்கிய அதே பணக்காரன் அடுத்து எதை வாங்குவான் என்று பார்த்தார்கள். 1899 ஜனவரியில் டெஸ்ஸாவ் ஊரில் மோட்டார் வண்டி செய்துகொண்டிருந்த ஃபிரீட்ரிஷ் லுட்ஸ்மானோடு ஒப்பந்தம் போட்டு, அவருடைய பட்டறையையே ரூசெல்ஸ்ஹைமுக்குக் கொண்டுவந்தார்கள். ஆடம் உயிரோடு இருந்தபோது மோட்டார் வண்டியைக் கோடீஸ்வரர்களின் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள், அவர் போன நான்கே வருடத்தில் வீடு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

லுட்ஸ்மான் வண்டி ஓடவில்லை, அதாவது வியாபாரமாக ஓடவில்லை. இரண்டு வருடத்துக்குள் விற்றது 65. வடிவமைப்பும் பழையதாகிவிட்டது. 1901இல் லுட்ஸ்மானைப் பிரிந்தார்கள். அந்த வருடமே சைக்கிளில் எஞ்சினைப் பொருத்தி மோட்டார் சைக்கிள் செய்தார்கள், 1902இல் பிரான்சின் டாராக் கம்பெனியோடு கூட்டு வைத்துதான் கார் தொழில் உருப்பட ஆரம்பித்தது. சரி, இந்த மூன்று நான்கு வருடம் கம்பெனி எதை வைத்துப் பிழைத்தது? சரிந்துபோனது என்று சொல்லப்பட்ட சைக்கிளும் பழசு என்று ஒதுக்கப்பட்ட தையல் மிஷினும்தான். கார் தோற்ற காலத்தில் காருக்குச் சோறு போட்டது சைக்கிள். ஓப்பலின் கார் வரலாற்றை எழுதுகிறவர்கள் 65 வண்டி என்று ஒரு வரி எழுதிவிட்டு நேராக டாராக்குக்குத் தாவிவிடுகிறார்கள், நடுவில் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

இதற்குள் சைக்கிளும் மெதுவாக மாறியது. 1903இல் ஷ்வைன்ஃபுர்ட்டில் எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் டார்பிடோ ஹப்பைக் கொண்டுவந்தார். மிதிக்காமல் விட்டால் சக்கரம் தானாக உருளும், பெடலைப் பின்பக்கம் அழுத்தினால் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். அதுவரை பல வண்டிகளில் சக்கரம் சுற்றும் வரை காலும் சுற்றியே ஆக வேண்டும், இறக்கத்தில் காலைத் தூக்கிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அந்த ஒரு டப்பா சைக்கிளை ரேஸ்காரனிடமிருந்து வாங்கி வேலைக்குப் போகிறவனிடம் கொடுத்தது. விலையும் இறங்கிவிட்டது. 1898இல் விலை சரிந்தது முதலாளிகளுக்குத்தான் அடி, வாங்குகிறவர்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

1911 தீயும், அதற்குப் பிறகு எடுத்த முடிவும்

1911 ஆகஸ்டில் ரூசெல்ஸ்ஹைம் ஃபேக்டரியின் பெரும்பகுதி எரிந்து போனது. சாம்பலிலிருந்து திரும்பக் கட்டும்போது குடும்பம் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: எதைத் திரும்பத் தொடங்குவது, எதை விடுவது? தையல் மிஷினை விட்டார்கள். அதுவரை ஏறக்குறைய 10 லட்சம் மிஷின் செய்திருந்த கம்பெனி, அப்பா கொட்டகையில் தொடங்கிய தொழில், அதை ஒரே முடிவில் மூடினார்கள். இத்தனைக்கும் அம்மா சோஃபி அப்போது உயிரோடு இருந்தார், 1913இல்தான் இறந்தார். கார் வைத்துக்கொண்டார்கள், சரி. சைக்கிளையும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த முடிவை 1937 முடிவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் கேள்வி ஒன்றுதான், காருக்கு இடம் வேண்டும், எதைத் தள்ளுவது. 1911இல் சைக்கிள் தப்பித்தது. வியாபாரக் காரணமும் இருந்தது, தையல் மிஷினில் சிங்கர் மாதிரி ராட்சசனோடு மோத வேண்டும், சைக்கிள் சந்தையோ தொழிலாளர்கள் வாங்க ஆரம்பித்து விரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யார்? சைக்கிள் ஓட்டிப் பரிசு வாங்கியவர்கள். ஐந்து சீட் வண்டியில் ஏறியவர்கள். கணக்கு இரண்டு பக்கமும் சாயலாம் என்ற நிலையில் ஆட்களின் மனசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கேதான் முடிவு விழும்.

முதல் உலகப்போர் வந்தது. கடைசித் தம்பி லுட்விக் 1916இல் போர்முனையில் இறந்தார். சைக்கிளுக்கு ரப்பரே இல்லாமல் போய், ஜெர்மனி முழுக்க ஜனங்கள் ரிம்மைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த இரும்பு டயரில் கடகடவென்று ஓட்டிய காலம் அது. போர் முடிந்ததும் ரூசெல்ஸ்ஹைம் பிரெஞ்சு ராணுவம் பிடித்திருந்த பகுதிக்குள் சிக்கியது. 1923 பணவீக்கம் வேறு. கார் வாங்க ஆள் எங்கே? ஆனால் ஃபேக்டரிக்குப் போகும் தொழிலாளிக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் தபால்காரருக்கும் சைக்கிள் இல்லாமல் முடியாது. அண்ணன் தம்பிகள் அமெரிக்க முறையைப் படித்து வந்து, 1924இல் ஜெர்மன் கார் தொழிலில் முதல் முறையாக ஓடும் வரிசையில் (அசெம்பிளி லைன்) வண்டி பூட்ட ஆரம்பித்தார்கள். லௌப்ஃப்ரோஷ் என்று பச்சைத் தவளைப் பெயர் பெற்ற சின்னக் கார் அப்படி வந்ததுதான், 4500 மார்க்குக்கு ஆரம்பித்து சில வருடத்தில் பாதிக்கும் கீழே விலை இறங்கியது. அதே நேரத்தில் சைக்கிள் பிரிவும் பெரிதாகிக்கொண்டே போய் உலகத்தின் முதல் இடத்தைப் பிடித்தது. 1920களின் கடைசியில் சாக்ஸனியின் எலிட்-டயமன்ட் கம்பெனியிலும் ஓப்பல் பெரும்பங்கு வாங்கியது. வெளியே இருந்து பார்த்தவருக்கு இந்தக் குடும்பம் சைக்கிளை விடும் என்று தோன்றவே தோன்றாது.

முதலாளி மாறியது

1928 டிசம்பரில் ஓப்பல் பங்கு நிறுவனமாக மாறியது. 1929 மார்ச்சில் அமெரிக்கக் கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் 80 சதவீதத்தை வாங்கியது, விலை ஏறக்குறைய 2.6 கோடி டாலர். 1931இல் மிச்சப் பங்கும் போனது, மொத்தம் 3.33 கோடி டாலர். கார்ல் 1927இல், ஹைன்ரிஷ் 1928இல் இறந்துவிட்டார்கள். மீதி இருந்த வில்ஹெல்முக்கும் ஃபிரிட்ஸுக்கும் வயதாகிவிட்டது. வில்ஹெல்ம் மேற்பார்வைக் குழுவில் இருந்தார், ஆனால் பங்கு கையில் இல்லாதவர் பேச்சுக்கு எவ்வளவு எடை இருக்கும்? உலக மந்தம் விழுவதற்குச் சில மாதம் முன்பு விற்றது குடும்பத்துக்கு மிக நல்ல வியாபாரம். சைக்கிளுக்கு அது நல்ல செய்தி இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் ஓப்பலை வாங்கியது கார் சந்தைக்காக. அவர்களுக்கு சைக்கிள் பிரிவு என்பது வாங்கிய வீட்டின் பின்கட்டில் ஏற்கெனவே குடியிருந்த ஆள். உடனே காலி செய்யச் சொல்லவில்லை, எட்டு வருடம் ஓடியது, ஓப்பல் பெயரில் ரேஸ் அணியும் இருந்தது. ஆனால் முப்பதுகளின் நடுவில் கார் பக்கம் நடந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். 1935இல் ஒலிம்பியா, 1936இல் காடெட். 1936 ஒரு வருடத்தில் ஓப்பல் செய்த வண்டிகள் 1,20,000க்கு மேல், ஐரோப்பாவில் முதல் இடம். ஹிட்லர் ஆட்சி அந்நியச் செலாவணியை வெளியே விடாததால் ஜெனரல் மோட்டார்ஸ் சம்பாதித்த லாபத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக முடியவில்லை, அந்தப் பணம் திரும்ப ஃபேக்டரியிலேயே கொட்டப்பட்டது, கட்டடத்துக்கு மேல் கட்டடம், வரிசைக்கு மேல் வரிசை. 1936 செப்டம்பரில் நான்காண்டுத் திட்டம் வந்தது, எஃகும் ரப்பரும் ஆயுதத் தயாரிப்புக்கு முதலில் என்று ஆனது. பணம் இருக்கிறது, இடம் இல்லை, இரும்புக்கு நெருக்கடி. கையில் கிடைக்கும் ஒரு டன் எஃகை எந்தப் பக்கம் அனுப்புவது என்று கணக்குப் பார்த்தால் கார்தான் ஜெயிக்கும். யார் உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும், அதனால் முடிவு தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. 1911 மேஜையில் இருந்த மாதிரி, கணக்குக்கு எதிராக ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

சைக்கிள் பிரிவை வாங்கியது என்எஸ்யூ, பின்னல் மிஷினிலிருந்து வந்த அதே நெக்கர்ஸுல்ம் கம்பெனி. அந்தத் தேர்வு பொருத்தமானது. அவர்கள் பணக்கஷ்டத்தில் ஹைல்ப்ரான் கார் ஃபேக்டரியை 1929 வாக்கில் ஃபியட்டிடம் கொடுத்துவிட்டு இரண்டு சக்கரத்தையே நம்பி நின்றவர்கள். 1936இல்தான் குவிக் என்ற 98 சிசி சின்ன மோட்டார் வண்டியைக் கொண்டுவந்திருந்தார்கள், பெடலும் உண்டு எஞ்சினும் உண்டு. ஓப்பல் சைக்கிள் தொழிலும் அதன் கடைக்காரர்களும் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரே நாளில் பெரிய பாய்ச்சல். ஓப்பல் எதைக் கட்டியெழுப்பியதோ அந்த வலை, 1937 பிப்ரவரி 15இல் கடைசி சைக்கிள் ரூசெல்ஸ்ஹைமை விட்டுப் போனதும் இன்னொருவருக்கு உழைக்க ஆரம்பித்தது.

இதில் எனக்கு மனசு கேட்காத ஒரு இடம் இருக்கிறது. போர் முடிந்த 1945க்குப் பிறகு ஜெர்மனியில் பெட்ரோல் இல்லை, கார் இல்லை, ரோடு இல்லை, ஜனங்களுக்கு உடனே வேண்டியிருந்தது சைக்கிள். ரூசெல்ஸ்ஹைமில் குண்டுவீச்சில் பாதி இடிந்த ஃபேக்டரி மட்டும் இருந்தது. 1946 ஜூலையில் அங்கிருந்து முதலில் வெளியே வந்தது பிளிட்ஸ் லாரி, அந்தப் பழைய சைக்கிள் பெயரோடு. கார் அதற்கும் அடுத்த வருடம்தான். 1898இலும் 1923இலும் கம்பெனியைத் தாங்கிப் பிடித்த தொழில் மூன்றாவது தடவையும் தாங்கியிருக்கும், ஆனால் அப்போது அது நெக்கர்ஸுல்மில் இருந்தது.

என்எஸ்யூ அதன் பிறகு மொபெட்டில் பெரிய பெயர் வாங்கியது, 1957 முதல் பிரின்ஸ் மாடலோடு திரும்பவும் காருக்குப் போனது, 1960களில் சைக்கிளையும் நிறுத்தியது, 1969இல் ஃபோல்க்ஸ்வாகன் கையில் இருந்த ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டது. இன்றைக்கு அந்த நெக்கர்ஸுல்ம் ஃபேக்டரி அவுடியுடையது. அதாவது ஓப்பல் சைக்கிளின் வாரிசுரிமை, வம்சாவளி பிடித்துக்கொண்டே போனால், ஓப்பலின் போட்டிக் குழுமமான ஃபோல்க்ஸ்வாகன் வீட்டில் போய் முடிகிறது.

பழைய ஜெர்மன் சைக்கிள் சேகரிப்பவர்கள் கையில் ஒரு ஓப்பல் கிடைத்தால் முதலில் ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமின் முன்தலையில் இருக்கும் தகட்டைப் பார்க்கச் சொல்வார்கள். கண் வடிவத்துக்குள் ஓப்பல் என்று மட்டும் இருந்தால் அது 1910க்குப் பிந்தைய ரூசெல்ஸ்ஹைம் சரக்கு. என்எஸ்யூ-ஓப்பல் என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் அது விற்பனைக்குப் பிறகு நெக்கர்ஸுல்மில் செய்தது. பேர் பெற்ற ஓப்பலை உடனே எடுத்துவிட்டால் வாங்க வருகிறவர்கள் குழம்புவார்கள் என்று என்எஸ்யூ சில காலம் அதைத் தன் பெயரோடு சேர்த்தே வைத்திருந்தது.